ஆத்தா வராத வீட்டில் கட்டிய வேப்பிலை

நான் சண்டைக்காரி. மலாக்காவில், காஜா பெராங் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மீன்காரனிடம் சண்டை, தண்ணீர்க் குழாயடியில் சண்டை, கட்டிய புருஷனிடம் கேட்கவே வேண்டாம். ஆனால் ஜப்பான்காரன் காலத்தில், வயிற்றில் பிள்ளையோடு இருட்டு அறையில் கிடந்தபோது, ஒரு சிட்டிகை உப்புக்காகக் கெஞ்சியிருக்கிறேன். சண்டை போட்டல்ல, கெஞ்சி. அப்படியும் கிடைக்கவில்லை.

அப்போது நாங்கள் மலாக்கா செட்டிமார் குடியிருக்கும் கம்பத்தை, அவர்கள் கிராமத்தை, ஒட்டி ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான், என் வீட்டுக்காரர், அவரைப் பெற்ற மகராசி, மூன்றே பேர். அவர் ஆற்றங்கரைக் கிட்டங்கியில் வேலை பார்த்தவர். யுத்தம் வந்ததும் கிட்டங்கியில் எலிகூட இல்லை. வீட்டுப் பின்னால் மரவள்ளி போட்டுக்கொண்டு, லாரிச் சத்தம் கேட்டால் வாழைத் தோப்புக்குள் ஓடி ஒளிந்துகொண்டிருந்தார். சயாமில் ரயில் போட ஆள் பிடிக்கிறார்கள் என்று தமிழ் ஆம்பிளைகள் எல்லாரும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. இரண்டும் வயிற்றிலேயே போயின. மூன்றாவது, எட்டாம் மாதத்தை எட்டியிருந்தது. சோறு இல்லை, துணி இல்லை, நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாது. எனக்கு அதெல்லாம் பெரிதாகவே படவில்லை. இந்த ஒன்று மட்டும் உயிரோடு வெளியே வந்து என் மடியில் கிடந்தால் போதும் என்றிருந்தேன்.

ஒரு நாள் காலையில் புழக்கடையில் உட்கார்ந்து கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று இரண்டு புருவத்துக்கும் நடுவே, மூக்குத் தண்டுக்குப் பின்னால், உளி வைத்து அடித்தது போல ஒரு வலி. ஐயோ, அந்த வலியை இப்போது நினைத்தாலும் பல் கூசுகிறது. தலைவலி என்றால் எல்லாருக்கும் தெரியும். அது தலைவலி இல்லை. கத்தியைக் கீழே போட்டேன், அங்கேயே வாந்தி எடுத்தேன். வலது கண் இமை தானாகக் கீழே இறங்கியது, தூக்கினால் தூக்க முடியவில்லை. வெயில் கண்ணில் பட்டால் செத்துப்போகலாம் போல இருந்தது.

சத்தம் கேட்டு மாமியார் வந்தார். என்னைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டு போய்ப் பாயில் கிடத்தினார். வியர்வையைத் துடைக்க ரவிக்கையைத் தளர்த்தியவர் அப்படியே நின்றுவிட்டார். என் கழுத்திலும் மார்பிலும் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்திருந்தது. பின்சந்தில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டிருந்த சமயம் அது.

"டேய், உள்ள வராத! ஆத்தா வந்துட்டாடா!" என்று மகனைப் பார்த்துக் கத்தினார். பிறகு என் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "தாயே, எங்களக் காப்பாத்து தாயே."

கல்யாணமாகி வந்த நாள் முதல் என்னை 'ஏ' என்பதைத் தவிர வேறு பெயர் சொல்லிக் கூப்பிடாத மனுஷி. அம்மை கண்டவள் உடம்பில் மாரியாத்தாள் குடியிருக்கிறாள் என்பது எங்கள் வழக்கம். அதனால் எனக்கு ஒரே நிமிஷத்தில் தெய்வப் பதவி வந்துவிட்டது. வேறு நேரமாக இருந்தால் கொண்டாடியிருப்பேன்.

"அத்தை, இது வேர்க்குரு. போன மாசமே இருந்துச்சு," என்றேன்.

"ஆத்தாள வேர்க்குருன்னு சொல்லாத. கோவிச்சுக்குவா."

"தலை வலிக்குது அத்தை, பொறுக்க முடியல."

"வலிக்குதுன்னு சொல்லக் கூடாது தாயே. குளுந்து போச்சுன்னு சொல்லு."

நல்ல கதையாக இருக்கிறதே என்று நினைத்தேன். நினைக்கத்தான் முடிந்தது. வாயைத் திறந்தால் அடுத்த வாந்தி வந்தது.

வாசலில் வேப்பிலை கட்டியாயிற்று. ஒரே ஜன்னல், அதையும் சாக்குப்பை போட்டு அடைத்தாயிற்று. வெளிச்சம் எனக்கு ஆகவில்லை, ஆத்தாளுக்கும் இருட்டுத்தான் பிடிக்கும் என்றார்கள், ஆக எல்லாருக்கும் சம்மதம். அடுப்பில் தாளிக்கக் கூடாது, அன்னியர் வரக் கூடாது, புருஷன் வீட்டுக்குள் தங்கக் கூடாது. அவர் பக்கத்துச் செட்டி வீட்டு முன் திண்ணையில் போய்ப் படுத்துக்கொண்டார். எனக்கு மரவள்ளி மாவுக் கஞ்சி. அதில் உப்புப் போடக் கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரை நான் அந்த அறையைவிட்டு வெளியே வரக் கூடாது.

ஆஸ்பத்திரி இல்லாமல் இல்லை. பகலில் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பார் என் வீட்டுக்காரர். அவர் மூச்சு விடுவது கேட்கும்.

"என்னங்க, என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க," என்று சொன்னேன்.

"அம்மை கண்டவங்கள தனிக் கொட்டகையில போட்டுடுறாங்களாம் புள்ள. போனவங்க திரும்பலையாம். மருந்தும் இல்லையாம்."

"இது அம்மை இல்லங்க. எனக்குத் தெரியாதா?"

அவர் ரோட்டுப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வருவது கேட்டது. பிறகு, "ரோட்டுல லாரி நிக்குது. என்னைப் பிடிச்சிட்டுப் போயிட்டா உன்னை யாரு பார்ப்பா?" என்றார்.

அவர் சொன்னது பொய் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். பொய்யாக இருந்தால் திட்டியிருப்பேன்.

வலி மெல்லக் குறைந்தது. அதற்குப் பதிலாக ஒரு சோர்வு வந்து உட்கார்ந்தது. எழுந்து உட்கார்ந்தால் தரை சாயும். மலாக்கா வெயிலில், ஜன்னலடைத்த அறையில், எனக்குக் குளிர் அடித்தது. அப்போதுதான் உப்பு ஆசை வந்தது. ஆசை என்று சொன்னால் மசக்கைக்காரி மாங்காய் கேட்பது போல நினைத்துக்கொள்வீர்கள். இது அப்படியில்லை. உடம்பு முழுக்க உப்பு உப்பு என்று அலறியது. என் கைவியர்வையை நக்கிப் பார்த்தேன். பாய் ஓரத்தைக் கடித்துப் பார்த்தேன். உஜோங் பாசிர் பக்கம் கடல் தண்ணீரைக் காய்ச்சி உப்பெடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்தக் கடலுக்கே என்னைத் தூக்கிப் போய் முக்கினால் தேவலை என்றிருந்தது.

மாமியாரிடம் கேட்டேன். "தாயே, விரதத்தைக் குலைக்காத" என்று கும்பிட்டார். வீட்டுக்காரரிடம் சுவர் வழியாகக் கேட்டேன். "அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றார். போய்க் கேட்கவும் செய்தார், மனுஷன்! திரும்பி வந்து, "வேணாங்குது" என்றார். எனக்கு வந்த கோபத்தில் சுவரை உதைக்கலாம் என்று காலைத் தூக்கினேன். கால் எழும்பவில்லை.

கடைசியாகப் பக்கத்து வீட்டுச் செட்டி அக்காவைக் கேட்டேன். அவர்கள் பேசுவது மலாய், கட்டுவது சாரோங் கெபாயா, கும்பிடுவது நம் மாரியம்மனை. அந்த அக்காவுக்கு நாலாவது பிள்ளை பிறந்து சில மாதம் ஆகியிருந்தது. தினமும் கோயிலிலிருந்து வேப்பிலைக் கொத்து கொண்டு வந்து ஜன்னலுக்கு வெளியே வைத்துவிட்டுப் போவாள். அவள் வீட்டு ஜாடியில் சிஞ்சாலோக் உண்டு, கூனி இறாலை உப்பில் ஊறப் போட்டது. காற்றடித்தால் அந்த வாடை எனக்கு வரும். எனக்கு அது அமிர்தம் போல இருந்தது.

"அக்கா, ஒரு கரண்டி குடு அக்கா. யாருக்கும் தெரியாது," என்று சாக்குக்கு இந்தப் பக்கமிருந்து மலாயில் கேட்டேன்.

அவள் அழுதாள். அழுதுகொண்டே, "தா போலே, அடேக்," என்றாள். முடியாது தங்கச்சி என்று அர்த்தம். "ஆத்தாளுக்குத் தெரியுமே. உன் வயித்துப் பிள்ளைக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

பிள்ளைக்கு. அந்தச் சொல்லோடு நான் கேட்பதை விட்டுவிட்டேன். வயிற்றில் கையை வைத்துக்கொண்டேன். முன்பெல்லாம் உதைத்துக்கொண்டே இருக்கும், இப்போது எப்போதாவதுதான் புரண்டது. அசையாமல் இருக்கும்போதெல்லாம், போயிற்று, இதுவும் போயிற்று என்று கிடந்தேன். மறுபடி ஒரு தடவை புரண்டால் கொஞ்சம் மூச்சு வரும்.

ஒரு வழியாகத் தண்ணீர் ஊற்றும் நாள் வந்தது. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் காய்ந்த தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். ஜன்னல் சாக்கை எடுத்தார்கள். மாமியார் எனக்கு எதிரே உட்கார்ந்து, முதல் தடவையாக உப்புப் போட்ட கஞ்சியை ஊட்டினார். கூடவே செட்டி அக்கா கொடுத்தனுப்பிய சிஞ்சாலோக். நான் அதை விழுங்கிய வேகத்தைப் பார்த்து அவரே பயந்துவிட்டார். சாயங்காலத்துக்குள் எழுந்து உட்கார்ந்தேன். "பாத்தியா, தண்ணி ஊத்தினதும் ஆத்தா இறங்கிட்டா," என்று மாமியார் ஊரெல்லாம் சொன்னார்.

எழுந்து உட்கார்ந்த பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. மாமியாரின் மூக்கு தெரிகிறது, வாய் தெரிகிறது, தோடு போட்ட காது இரண்டும் இல்லை. தலையைத் திருப்பினால் காது வருகிறது, மூக்கு போய்விடுகிறது. வலது இமையைக் கையால் தூக்கிப் பார்த்தேன், அப்படியும் அதேதான். எதைப் பார்த்தாலும் நடுவில் இருப்பது மட்டும் தெரிந்தது, இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை. அந்த இருட்டறையில் அது எப்போது போனதென்று எனக்கே தெரியவில்லை.

"அத்தை, எனக்குக் கண்ணு போச்சு," என்றேன்.

அவர் என்ன செய்வார், பாவம். பெட்டியில் வைத்திருந்த தன் பழைய மெட்டியை எடுத்து, தட்டானிடம் கொடுத்து, இரண்டு வெள்ளிக் கண்மலர் அடித்து வாங்கிக் கொண்டு போய் அம்மன் காலடியில் வைத்தார். அந்த நாளில் மெட்டியை விற்றிருந்தால் அரிசி கிடைத்திருக்கும். என்னைக் கொடுமைப்படுத்தினார் என்று நான் சொல்லவே மாட்டேன். இமை மட்டும் சில மாதத்தில் மெல்ல எழும்பியது, அதற்கு அவர் கண்மலரைத்தான் காரணம் சொன்னார். நான் எதிர்த்துப் பேசவில்லை.

பிள்ளை பிறந்தது. பெண். நல்ல குரல். மருத்துவச்சி துணியில் சுற்றி என் மார்பின் மேல் போட்டாள். முகத்தை நேரே வைத்தால் முகம் முழுதாகத் தெரிந்தது. சின்ன முகம் என்பதால் எனக்குப் போதுமானதாக இருந்தது. இது தங்கிவிட்டது, தங்கிவிட்டது என்று அழுதேன்.

பால் வரவில்லை.

முதல் நாள் யாருக்கும் வராது என்றார்கள். அடுத்த நாளும் வரவில்லை. மாமியார் எங்கோ போய்ப் பால் சுறாக் கருவாடு கொண்டு வந்தார், பூண்டு கொண்டு வந்தார், பச்சைப் பப்பாளியை வேக வைத்துக் கொடுத்தார். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். மார்பு கனக்கவே இல்லை. கன்னிப்பெண் மார்பு போல அப்படியே கிடந்தது. எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிக் கேள்விப்பட்டதே இல்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பால் குறையும், கட்டிக்கொள்ளும், ஒரு சொட்டுகூட வராமல் இருக்குமா? டின் பால் என்பதைக் கண்ணால் பார்த்தே வருஷக்கணக்காகியிருந்தது. வடிகஞ்சியைத் துணியில் நனைத்து வாயில் வைத்தோம். பிள்ளையின் குரல் நாளுக்கு நாள் இறங்கியது.

செட்டி அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒரு மத்தியானம் நேரே உள்ளே வந்தாள், யாரையும் கேட்கவில்லை, "கசியான், கசியான்", பாவம் பாவம் என்று பிள்ளையை வாரி எடுத்தாள். என் கண் முன்னாலேயே கெபாயா ஊசியைக் கழற்றினாள். பிள்ளை குடிக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்கு எவ்வளவு சந்தோஷம், எவ்வளவு வயிற்றெரிச்சல் என்று எப்படிச் சொல்வது? இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

முதலில் அவள் இங்கே வந்து கொடுத்தாள். பிறகு பிள்ளையை அங்கே கொண்டு போனோம். அவளுக்கும் கைப்பிள்ளை, அவளுக்கும் சோறு கிடையாது, எத்தனை தடவை வேலி தாண்டுவாள்? கடைசியில் பிள்ளை அங்கேயே தூங்க ஆரம்பித்தது. எனக்கும் தூக்கி வைத்துக்கொள்ளத் தெம்பில்லை. நடந்தால் மூச்சு வாங்கியது, எப்போதும் போர்வைக்குள் கிடந்தேன். மாதவிலக்கும் திரும்ப வரவேயில்லை. நோய் போன பிறகும் இவள் எழுந்திருக்கவில்லை, சோம்பேறி என்றார்கள். அழகு கெட்டுவிடும் என்று பால் கொடுக்காமல் விட்டாள் என்றும் குழாயடியில் ஒருத்தி சொன்னாள். எந்த அழகு? கண்ணாடியில் என் இரண்டு கன்னமும் எனக்கே தெரியாது.

ஜப்பான்காரன் போனான். அரிசி வந்தது, டின் பால் வந்தது. என் மகள் அதற்குள் நடந்தாள், பேசினாள். மலாயில் பேசினாள். செட்டி அக்காவை 'மா' என்று கூப்பிட்டாள், என்னையும் 'அம்மா' என்றாள், ஆனால் விழுந்தால் அந்த வீட்டைப் பார்த்துத்தான் ஓடினாள். ஓடி வரும்போது நேரே வருவாள், பக்கவாட்டில் திரும்பியதும் எனக்குக் காணாமல் போய்விடுவாள்.

பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு நாள் கேட்டாள். "அம்மா, என்னை ஏன் மாகிட்ட குடுத்துட்டீங்க?"

"குடுக்கலடி. எனக்குப் பால் வரல."

"எல்லா அம்மாவுக்கும் வரும். நீங்கதான் வேணாம்னுட்டீங்களாம்."

"எவ சொன்னா?" என்று கத்தினேன். அவள் சொல்லவில்லை. அதற்குப் பிறகு கேட்கவும் இல்லை. கேட்டுச் சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என்னிடம் மரியாதையாக இருக்கக் கற்றுக்கொண்டாள்.

அதற்கெல்லாம் பிறகு வருஷங்கள் ஓடின. வீட்டுக்காரர் போனார், மாமியார் போனார், செட்டி அக்காவும் போனாள். அவள் சாவுக்கு என் மகள்தான் எல்லாரையும்விட அதிகமாக அழுதாள். மகளுக்கு ஆபீசில் வேலை, நன்றாக இங்கிலீஷ் பேசுவாள். ஒரு சாதாரணக் காய்ச்சலில் நான் நினைவு தப்பி விழுந்தபோது அவள்தான் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், ஏதோ மாத்திரை கொடுத்தார்கள். அந்த மாத்திரையில் ஒரே வாரத்தில் நர்சோடு சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். அவருக்கு இங்கிலீஷ்தான். அவர் கேட்பதை மகள் எனக்குச் சொல்ல, நான் சொல்வதை அவள் அவருக்குச் சொன்னாள். எப்போதாவது பெரிய தலைவலி வந்ததா, பக்கம் தெரியாதது எப்போதிலிருந்து, பிறகு மாதவிலக்கு வந்ததா. நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. அவருக்கென்ன, விடுகதைக்கு விடை கிடைத்துக்கொண்டிருந்தது.

அடுத்த கேள்வியை மகள் உடனே சொல்லவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"பிள்ளை பொறந்தப்ப பால் வந்துச்சான்னு கேக்குறார்."

"இல்லன்னு சொல்லு."

"கொஞ்சங்கூடவா?"

"அது அவர் கேட்டதா, நீ கேட்டதா?"

அவள் மேஜை விளிம்பை நகத்தால் சுரண்டினாள். "ஒரு சொட்டுகூட இல்லன்னு சொல்லு," என்றேன்.

டாக்டர் காகிதத்தில் ஒரு தலை வரைந்தார். மூளைக்கு அடியில், கண் நரம்புகளுக்குக் கீழே, கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு சுரப்பி. பிட்யூட்டரி என்றார். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது அது பெரிதாகுமாம். எனக்கு அதற்குள் ரத்தம் கசிந்து வீங்கி, கண் நரம்பை அழுத்திவிட்டதாம். உடம்புத் தெம்பு, மாதவிலக்கு, உப்பு உடம்பில் நிற்பது, எல்லாம் அங்கிருந்து வருகிற உத்தரவாம். மகள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து நடுவில் நிறுத்திவிட்டாள். டாக்டர் பேசிக்கொண்டே போனார்.

"என்னடி சொல்றார்?"

"பாலும் அங்கிருந்துதானாம். உங்களுக்கு வந்திருக்கவே முடியாதாம்மா."

"அதைத்தானடி நானும் சொன்னேன், நீ பள்ளிக்கூடம் போறப்பவே!"

கத்திவிட்டேன் போலிருக்கிறது. டாக்டர் திடுக்கிட்டுப் பார்த்தார். மகள் அவரிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். அவர் தலையை மெல்ல ஆட்டினார்.

"என்ன கேட்டே?"

"அப்பவே உங்கள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தா தேறியிருப்பீங்களான்னு கேட்டேன். அப்ப இந்த மருந்து எந்த ஊர்லயும் இல்லையாம்."

மாமியாரையும், சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற மனுஷனையும் நான் அத்தனை வருஷம் மனசுக்குள் வைது தீர்த்திருந்தேன். இனி யாரை வைவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். பஸ் வந்தது, அவள் ஏறவில்லை. அதை விட்டுவிட்டு என் முன்னால் வந்து, எனக்கு முகம் முழுதாகத் தெரிகிற இடத்தில் நின்றாள்.

"மா வர்றதுக்கு முன்னாடி நான் பசிச்சு அழுதிருப்பேனே. அப்ப நீங்க என்ன பண்ணுனீங்க?"

"வெறும் முலையைக் குடுத்தேன்டி," என்றேன். "வேற என்ன இருந்துச்சு என்கிட்ட? ஒண்ணும் வரலன்னாலும் நீ அதை விடவே இல்ல."